பக்கத்து வீட்டுக்காரர் மேல் போலீஸில் புகார் கொடுத்தாயிற்று: இனி வீட்டுக்குள் பயமில்லாமல் இருக்க என்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில்

மிரட்டுகிற பக்கத்து வீட்டுக்காரர் மேல் ஏற்கெனவே புகார் கொடுத்துவிட்டவர்களுக்கான வழிகாட்டி இது. தமிழ்நாட்டு ஸ்டேஷன் நடைமுறையை வைத்து எழுதியிருக்கிறேன். புகார் கொடுக்கலாமா வேண்டாமா என்ற பேச்சுக்குள் போகவில்லை. இதைப் படிக்கும் இந்த நேரத்திலேயே வாசலில் ஆள் நிற்கிறார் என்றால், படிப்பதை நிறுத்திவிட்டு 100 அல்லது 112-ஐக் கூப்பிடுங்கள்.

எங்கள் குடியிருப்போர் சங்கம் வழியாகச் சில குடும்பங்களோடு ஸ்டேஷனுக்குப் போய் வந்திருக்கிறேன். பெரும்பாலும் எல்லோரும் எல்லாவற்றையும் செய்துவிடுகிறார்கள், வரிசைதான் தலைகீழாக இருக்கிறது. முதல் நாளே கேமரா வாங்குகிறார்கள், புகாருக்கு ரசீது வாங்குவதில்லை. கேமரா நடந்ததைப் பதியும், அவ்வளவுதான். ராத்திரி பதினோரு மணிக்குக் கதவை உதைத்தால் அது எழுந்து வந்து உதவாது. அதனால் முதலில் காகிதம், அடுத்து ஓடி வர ஆள், அப்புறம் கதவு, அதற்குப் பிறகு கேமரா. தூக்கம் தானாக வராது, அதற்கும் கொஞ்சம் வேலை செய்ய வேண்டியிருக்கும்.

1. முதலில் இதை ஏற்றுக்கொள்ளுங்கள்: அவர் அன்றைக்கே திரும்பி வருவார்

புகார் கொடுத்தால் ஆளைப் பிடித்து உள்ளே வைத்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பலரும் வீடு திரும்புகிறார்கள். பெரும்பாலான அக்கம்பக்கத்துத் தகராறுகளில் அப்படி நடப்பதில்லை. கூப்பிட்டு விசாரிப்பார்கள், எச்சரிப்பார்கள், சாயங்காலம் அவர் தன் வீட்டில்தான் இருப்பார். வழக்கே பதிந்தாலும் ஜாமீனில் வந்துவிடுவார்.

இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் அவருடைய வண்டிச் சத்தம் கேட்டதும் நெஞ்சு அடைக்காது. போலீஸ் கூப்பிட்டு அனுப்பிய அன்று சாயங்காலமும் அடுத்த சில நாட்களும்தான் சூடு அதிகமாக இருக்கும். அந்த நாட்களில் வீட்டில் ஒரு பெரியவராவது கூடுதலாக இருக்கட்டும். அண்ணனோ மச்சானோ வந்து தங்கினால் போதும். பத்துப் பேரை வரவழைத்து வாசலில் நிறுத்தாதீர்கள். ‘ஆள் வைத்து மிரட்டினார்கள்’ என்று எதிர்ப் புகார் வர அதுவே காரணமாகிவிடும்.

கத்தி, அரிவாள் காட்டியிருந்தாலோ, குடித்துவிட்டு ஏற்கெனவே கை வைத்திருந்தாலோ அந்த முதல் சில இரவுகள் சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள். ‘நாம் ஏன் போக வேண்டும்’ என்ற ரோஷம் நியாயமானதுதான். ஆனாலும் அதை ஒரு வாரம் கழித்து வைத்துக்கொள்ளலாம்.

2. காகிதத்தைச் சரி செய்யுங்கள்

ஸ்டேஷனில் மனு கொடுத்ததும் கேட்டு வாங்க வேண்டியது சி.எஸ்.ஆர். ரசீது. ரைட்டர் (ஸ்டேஷன் எழுத்தர்) ‘நாளைக்கு வாங்க’ என்றால், நாளைக்குப் போய் வாங்குங்கள். அந்த எண் இல்லாவிட்டால் அடுத்த முறை போன் செய்யும்போது நீங்கள் புது ஆள். எண்ணைச் சொன்னால் ‘ஏற்கெனவே மனு இருக்கிறது’ என்பது அந்த நிமிடமே தெரிந்துவிடும். கிளம்பி வரும் வேகத்திலும் அது தெரியும்.

சி.எஸ்.ஆர். என்பது மனுவை வாங்கிக்கொண்டதற்கான ரசீது மட்டும், எஃப்.ஐ.ஆர். ஆகாது. எஃப்.ஐ.ஆர். பதிந்திருந்தால் அதன் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 173-ஆவது பிரிவு சொல்கிறது. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலும் எஃப்.ஐ.ஆரைப் பார்க்கலாம், சி.எஸ்.ஆர். எந்த நிலையில் இருக்கிறது என்றும் பார்க்கலாம்.

அடுத்து, நீங்கள் கொடுத்த மனுவை நீங்களே ஒரு முறை படியுங்கள். அதிகமாகப் பார்க்கும் தவறு இங்கேதான் இருக்கிறது. மனு முழுக்கச் சுவர்த் தகராறு, தண்ணீர்க் குழாய், வண்டி நிறுத்தும் இடம் என்று ஓடும். மிரட்டல் கடைசி வரியில் வரும். படிக்கும் அதிகாரி ‘சிவில் பிரச்சினை, கோர்ட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று முடித்துவிடுவார். உங்கள் மனு அப்படி இருந்தால், கூடுதல் மனு ஒன்று எழுதுங்கள். முதல் பத்தியிலேயே தேதி, நேரம், இடம், அவர் சொன்ன வார்த்தைகள், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று வந்துவிட வேண்டும். சுவர்க் கதையெல்லாம் அதற்குப் பிறகு.

‘தகாத வார்த்தைகளால் திட்டி மிரட்டினார்’ என்று நாகரிகமாக எழுதாதீர்கள். அவர் வாயிலிருந்து வந்ததை, கூசினாலும், அப்படியே எழுதுங்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 351-ஆவது பிரிவில் சாதாரண மிரட்டலுக்கு இரண்டு ஆண்டு வரை சிறை; கொன்றுவிடுவேன், கொடுங்காயம் ஏற்படுத்துவேன், தீ வைத்துவிடுவேன் என்ற மாதிரி மிரட்டலுக்கு ஏழு ஆண்டு வரை. எந்த வகை என்பதைத் தீர்மானிப்பது அந்த வார்த்தைகள்தான். சாதிப் பெயரைச் சொல்லித் திட்டியிருந்து, நீங்கள் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர் என்றால் அதையும் கட்டாயம் எழுதுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வேறு கணக்கு. அதன் 15ஏ பிரிவு பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்புக் கேட்கும் உரிமையைத் தருகிறது.

3. ஓடி வர மூன்று பேர்

தெருவுக்கே தெரிய வேண்டியதில்லை. மூன்று பேருக்குத் தெரிந்தால் போதும்: எதிர் வீட்டில் அல்லது மேல் மாடியில் இருக்கும் ஒருவர், ஐந்து நிமிடத்தில் வண்டியில் வந்துவிடக்கூடிய ஒரு சொந்தக்காரர் அல்லது நண்பர், வெளியூரில் இருந்தாலும் எந்நேரமும் போன் எடுக்கிற ஒருவர். மூன்றாமவர் எதற்கு என்று கேட்பார்கள். நீங்கள் பதற்றத்தில் இருக்கும்போது உங்கள் சார்பாக 100-க்குப் போன் போடவும், உங்களை இணைப்பில் வைத்துப் பேசிக்கொண்டே இருக்கவும்.

அவர்களிடம் ‘கொஞ்சம் பார்த்துக்குங்க’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். யாருக்கும் அது எதுவும் சொல்வதில்லை. ‘என்கிட்டேயிருந்து மிஸ்டு கால் வந்தால் உங்க வாசல் லைட்டைப் போட்டுட்டு, மாடியிலிருந்தே குரல் கொடுங்க, கீழே இறங்க வேண்டாம்’ என்று வேலையைச் சொல்லுங்கள். இறங்க வேண்டாம் என்று சொன்னாலே பாதிப் பேர் சம்மதிப்பார்கள். அடிதடியில் மாட்டிக்கொள்வோமோ, சாட்சி என்று கோர்ட்டுக்கு அலைய வேண்டி வருமோ என்பதுதான் அவர்களுடைய தயக்கம்.

குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் இதைப் போடாதீர்கள். அவரோ அவருடைய மைத்துனரோ அதே குழுவில் இருப்பார்கள். அவருடைய போட்டோவைப் போட்டு ‘ரௌடி’ என்று எழுதினால் அவதூறு என்று அவர் திருப்பிக்கொள்ள வழியாகும்.

ஸ்டேஷனிலும் ஓர் ஆள் வேண்டும். உங்கள் பகுதி ரோந்து போலீஸ் யார், ஸ்டேஷனின் நேரடி எண் என்ன என்று கேட்டு வாங்குங்கள். ரோந்து வருபவர்கள் கையெழுத்துப் போடும் பட்டா நோட்டை உங்கள் வாசல் பக்கம் சில வாரங்களுக்கு வைக்க முடியுமா என்று இன்ஸ்பெக்டரிடம் எழுத்தில் கேளுங்கள். கிடைக்கும் என்று சொல்ல முடியாது, கேட்டால் கிடைக்கிற இடங்கள் உண்டு. ராத்திரி ஒரு தரம் போலீஸ் வண்டி உங்கள் வாசலில் நின்று போவது பக்கத்து வீட்டில் இருப்பவருக்கும் தெரியும்.

4. கதவருகே ஒட்ட வேண்டிய தாள்

பெரிய எழுத்தில் எழுதி, உட்புறம் ஒட்டுங்கள்: முழு முகவரி, அடையாளமாக ஒரு கடை அல்லது கோயில், சி.எஸ்.ஆர். எண், 100, 112, ஸ்டேஷன் எண், அந்த மூன்று பேரின் எண்கள். தனியாக இருக்கும் பெண்களுக்கு 181, முதியவர்களுக்கு 14567.

போன் போட்டதும் முதலில் சொல்ல வேண்டியது முகவரி. எல்லோரும் கதையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நடுவில் இணைப்பு அறுந்தால் எங்கே வர வேண்டும் என்றே தெரியாமல் போய்விடும். முகவரி, ‘கதவை உடைக்கிறார்’ என்று ஒரே வரி, சி.எஸ்.ஆர். எண். இதை வீட்டிலுள்ள பாட்டியும் பத்து வயதுப் பிள்ளையும் ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பார்க்கட்டும். காவல் உதவி செயலியைப் போனில் ஏற்றி, அவசர பொத்தான் எங்கே இருக்கிறது என்று அமைதியான ஒரு நாளில் பார்த்துவையுங்கள். அழைத்த நேரம் காட்டும் அழைப்புப் பட்டியலை அழிக்க வேண்டாம்.

5. கதவு, சாவி, மீட்டர்

பணம் செலவழிக்கும் முன் ஒரு கேள்வி: நன்றாக இருந்த காலத்தில் அந்த வீட்டில் உங்கள் டூப்ளிகேட் சாவி இருந்ததா? ஊருக்குப் போகும்போது செடிக்குத் தண்ணீர் விடச் சொல்லிக் கொடுத்திருப்போம். திரும்பி வந்திருந்தாலும் நகல் எடுத்திருக்கலாம். பூட்டை மாற்றுங்கள். எத்தனை தாழ்ப்பாள் போட்டாலும் நீங்கள் வெளியே போயிருக்கும் நேரத்துக்கு இது ஒன்றுதான் பதில். வைஃபை பாஸ்வேர்டைப் பகிர்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.

அடுத்து முன் கதவு. தாழ்ப்பாளின் திருகுகள் சின்னதாக இருந்தால் ஓர் உதைக்குச் சட்டத்தோடு வந்துவிடும். தச்சரைக் கூப்பிட்டு நீளத் திருகு போட்டு, மேலும் கீழும் ஒவ்வொரு தாழ்ப்பாள் வைக்கச் சொல்லுங்கள். கதவைத் திறக்காமல் வெளியே பார்க்க ஒரு கதவுக் கண். கிரில் கேட் இருந்தால் பகலிலும் பூட்டியே இருக்கட்டும். பின்பக்கக் கதவையும் மொட்டை மாடிக் கதவையும் எல்லோரும் மறக்கிறார்கள். ஒட்டிக் கட்டிய வீடுகளில் மாடி வழியாக வருவதுதான் சுலபம்.

மீட்டர் பெட்டி பொது இடத்தில் இருந்தால் அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். ராத்திரி மெயினை இறக்கிவிட்டு, நீங்கள் வெளியே வரக் காத்திருக்கலாம். கரண்ட் போனால் உடனே கதவைத் திறக்காதீர்கள். ஜன்னலில் பாருங்கள், தெருவிளக்கும் எதிர் வீடும் எரிந்தால் உங்களுக்கு மட்டும்தான் போயிருக்கிறது. மேலே சொன்ன மூன்று பேரில் முதலாமவரைக் கூப்பிட்டு, அவர் விளக்கைப் போட்ட பிறகே வெளியே போங்கள். ஒரு சார்ஜ் விளக்கு கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். மீட்டர் பெட்டிக்குப் பூட்டுப் போட வேண்டுமானால் வீட்டு உரிமையாளரிடமும் மின்வாரிய அலுவலகத்திலும் கேட்டுச் செய்யுங்கள்.

வெளியே இருக்கும் மற்றவை: தண்ணீர்த் தொட்டி மூடிக்குப் பூட்டு, கேஸ் சிலிண்டர் உள்ளே, பைக்கை முடிந்தால் வேறு இடத்தில் அல்லது விளக்கடியில். வாசலில் சென்சார் விளக்கு ஒன்று போட்டால் செலவுக்கு மேல் பலன் தரும்.

விடியற்காலையில் கோலம் போடவும் பால் பாக்கெட் எடுக்கவும் வெளியே போவது வழக்கம் என்றால், சில வாரங்களுக்கு வெளிச்சம் வந்த பிறகு போங்கள். அவர் வாக்கிங் கிளம்பும் நேரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், அதைத் தவிர்த்தாலே போதும்.

தலைமாட்டில் அரிவாளும் கதவோரம் மிளகாய்ப்பொடியும் வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. என் அபிப்பிராயம், வேண்டாம். கைகலப்பில் அது யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. வழக்கிலும் யார் ஆயுதம் வைத்திருந்தது என்ற கேள்வி வரும்.

6. ஒரு நோட்டு

நாற்பது பக்க நோட்டு ஒன்று. தேதி, நேரம், என்ன நடந்தது, யார் பார்த்தார்கள். ‘முறைத்தார்’, ‘எப்பவும் போல் கத்தினார்’ என்பதெல்லாம் பயன்படாது. ‘7.40, மாடிப்படி, நான் ஸ்கூல் பையோடு இறங்கும்போது வழியை மறித்தார், “எத்தனை நாளைக்குப் போலீஸ் வரும் பார்க்கலாம்” என்றார், மூன்றாவது மாடி அக்கா பின்னால் வந்தார்’ என்று எழுத வேண்டும். எதுவும் நடக்காத நாளில் எழுதாதீர்கள். அவர் இருமியதையெல்லாம் குறித்துவைத்தால் நோட்டின் மதிப்பும் போகும், உங்கள் நிம்மதியும் போகும்.

7. இப்போது கேமரா

வாசலையும் உங்கள் வண்டியையும் பார்க்கும்படி ஒன்று அல்லது இரண்டு போதும். அவருடைய ஜன்னலோ, குளியலறைப் பக்கமோ, அவர் வீட்டுக்குள்ளோ தெரியும்படி வைக்காதீர்கள். ‘எங்கள் வீட்டுப் பெண்களைப் படம் எடுக்கிறார்கள்’ என்ற எதிர்ப் புகாருக்கு நீங்களே ஏணி வைத்துக் கொடுத்ததாகிவிடும். அப்பார்ட்மென்ட் வராந்தாவில் வைப்பதென்றால் சங்கத்துக்கு ஒரு கடிதம் கொடுத்துவிட்டு வையுங்கள்.

கேமராவுக்கும் அதன் இணையப் பெட்டிக்கும் சிறிய பேட்டரி பேக்கப் இல்லையென்றால், மெயினை இறக்கினால் எல்லாம் அணைந்துவிடும். ஹார்டு டிஸ்க் நிரம்பியதும் பழைய பதிவின் மேலேயே எழுதும். சம்பவம் நடந்தால் அன்றைக்கே பென் டிரைவில் எடுத்துவையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தால் தரம் குறையும், தேதி விவரமும் போகும். மூலப் பதிவு இருக்கும் கருவியை விற்காதீர்கள், அழிக்காதீர்கள். கோர்ட்டில் தாக்கல் செய்ய பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆவது பிரிவின்படி ஒரு சான்றிதழ் வேண்டும், அதை வக்கீல் பார்த்துக்கொள்வார்.

8. ஸ்டேஷன் விசாரணையும் ‘சமாதானமாப் போங்க’வும்

இரண்டு தரப்பையும் கூப்பிடுவார்கள். பெண்களையும், 60 வயதைத் தாண்டியவர்களையும், மாற்றுத்திறனாளிகளையும் சாட்சி விசாரணைக்கு அவர்கள் வசிக்கும் இடத்தை விட்டு வேறெங்கும் வரச் சொல்லக் கூடாது என்று சுரக்ஷா சன்ஹிதாவின் 179-ஆவது பிரிவில் இருக்கிறது. தாமாக விரும்பிப் போகலாம். போனால் தனியாகப் போகாதீர்கள், அவர் வரும் அதே நேரத்தில் வாசலில் நிற்காதீர்கள்.

அங்கே முக்கால்வாசி நேரம் நடப்பது எழுதி வாங்குவது. அவர் ‘இனி பிரச்சினை செய்ய மாட்டேன்’ என்று எழுதுவார், உங்களிடம் ‘மேல் நடவடிக்கை தேவையில்லை’ என்று கேட்பார்கள். களைப்பில், வீட்டுக்குப் போனால் போதும் என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். போடும் முன் முழுதும் படியுங்கள். சமாதானமாகப் போவது தப்பே இல்லை, பல இடங்களில் அதுதான் நிலைத்தும் இருக்கிறது. ஆனால் அவர் என்னென்ன செய்ய மாட்டார் என்பது விவரமாக இருக்க வேண்டும்: வழிமறிக்க மாட்டார், வாசலுக்கு வர மாட்டார், வண்டியைத் தொட மாட்டார். உங்கள் தரப்பில் ‘மீண்டும் நடந்தால் இந்த மனுவின் மேல் நடவடிக்கை கோருவேன்’ என்ற வரியும் இருக்கட்டும். நகல் வாங்காமல் வராதீர்கள்.

எதிர்ப் புகார் வந்தால் அதிர்ச்சி அடைய வேண்டாம், ஏறக்குறைய எப்போதும் வரும். இதற்கு முன் நீங்கள் பதிலுக்குத் திட்டாமலும், அவர் செடிச்சட்டியை உதைக்காமலும் இருந்திருந்தால், அது தானாக வலு இழக்கும்.

9. மறுபடி நடந்தால்

புகாரை வாபஸ் வாங்கு என்று மிரட்டினால் அதைப் பழைய மனுவோடு சேர்த்து வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். அது தனிச் சம்பவம், தனி மனு. பழைய சி.எஸ்.ஆர். எண்ணைக் குறிப்பிட்டு எழுதி, புது ரசீது வாங்குங்கள்.

இரண்டாவது முறைக்குப் பிறகு நீங்கள் கேட்க வேண்டியது நன்னடத்தைப் பிணை. பழைய சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து ‘107’ என்று ஸ்டேஷனில் இன்னும் சொல்வார்கள். இப்போது சுரக்ஷா சன்ஹிதாவின் 126. போலீஸ் அறிக்கை கொடுத்தால் நிர்வாகத்துறை நடுவர் (ஆர்.டி.ஓ. போன்ற வருவாய்த்துறை அதிகாரி) அவரைக் கூப்பிட்டு, ஓர் ஆண்டு வரை அமைதி காப்பதாகப் பத்திரம் எழுதி வாங்கலாம். மீறினால் மீதிக் காலத்துக்கு உள்ளே வைக்க முடியும். அக்கம்பக்கத்து மிரட்டலுக்கு, வருடக்கணக்கில் ஓடும் வழக்கைவிட இது சீக்கிரம் உறைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

10. ஸ்டேஷன் நகரவில்லை என்றால்

மாவட்ட எஸ்.பி.க்கு, மாநகரம் என்றால் கமிஷனருக்கு, பதிவுத் தபாலில் எழுதுங்கள். சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4) பிரிவு அதற்கு வழி தருகிறது. அதற்கும் பலன் இல்லையென்றால் குற்றவியல் நடுவர் நீதிமன்றம். எஃப்.ஐ.ஆர். பதிந்த வழக்கில் புலன்விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. வக்கீலுக்குச் செலவழிக்க முடியாவிட்டால் 15100-ஐக் கூப்பிடுங்கள், அல்லது மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு.

11. தூக்கம்

எல்லாம் செய்த பிறகும் படுத்தால் காது வாசலிலேயே இருக்கும். லிப்ட் கதவு மூடினால் உடம்பு தூக்கிப்போடும். இது சில வாரங்களுக்கு இயல்பு. ‘பயப்படாதே’ என்று சொல்வதால் குறையாது.

உதவுவது ஒரு ராத்திரி வரிசை. ஒருவர் மட்டும், ஒரே நேரத்தில், ஒரே வரிசையில் பின்கதவு, மாடிக் கதவு, கேஸ், முன்கதவு என்று பார்த்துவிட்டு ‘ஆச்சு’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு யாரும் எழுந்து போய்ச் சரிபார்க்கக் கூடாது. ஆளாளுக்குப் பார்த்தால் யாருக்கும் நம்பிக்கை வராது. கேமராவைப் போனில் பார்ப்பதற்கும் அளவு வேண்டும்: படுக்கும் முன் ஒரு முறை, எழுந்ததும் ஒரு முறை, அசைவு அறிவிப்பு வந்தால் ஒரு முறை. பகல் முழுக்க அந்தக் காலி வராந்தாவையே பார்த்துக்கொண்டிருந்தால் பயம் வளரத்தான் செய்யும். வாசலை ஒட்டிய அறையில் படுப்பவர்கள் கொஞ்ச நாள் உள்ளறைக்கு மாறலாம்.

பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள், அவர்களுக்குத் தெரிந்துதான் இருக்கும். ‘அந்த மாமா கூப்பிட்டால் நிற்காதே, நேராக வீட்டுக்கு வா, யார் தட்டினாலும் நீ கதவைத் திறக்காதே’ என்று மூன்றே வரி போதும். வேன் டிரைவருக்கும் பள்ளிக்கும் யார் கூட்டிப் போக வருவார்கள் என்று சொல்லிவையுங்கள். அவர் வீட்டுப் பிள்ளையோடு இவர்கள் விளையாடுவதைத் தடுக்க வேண்டுமா என்று கேட்பார்கள். பொது இடத்தில் விளையாடட்டும், வீட்டுக்குள் போக வேண்டாம்.

மாதம் ஒன்று தாண்டியும் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வீட்டை விட்டு வெளியே போகவே முடியவில்லை என்றால் டெலி மானஸ் 14416-ஐக் கூப்பிடுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

12. வீடு மாறுவதாக இருந்தால்

வாடகை வீடு என்றால் உரிமையாளரிடம் சி.எஸ்.ஆர். நகலைக் காட்டிப் பேசுங்கள். முன்பணத்தைத் திருப்பிக் கேட்கவும், அறிவிப்புக் காலத்தைக் குறைக்கச் சொல்லவும் அது கையில் இருப்பது நல்லது. சாமான் ஏற்றும் அன்று பகலில், நாலு பேர் இருக்கும்போது ஏற்றுங்கள். புது முகவரியைத் தெருவில் யாரிடமும் சொல்ல வேண்டாம். வழக்கு நடந்துகொண்டிருந்தால் விசாரணை அதிகாரியிடம் மட்டும் புது முகவரியையும் போன் எண்ணையும் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். இல்லாவிட்டால் கோர்ட் சம்மன் பழைய வீட்டுக்கே போகும். அதை அங்கே வாங்கிவைத்துக்கொள்வது யார் என்று சொல்ல முடியாது.